சேர் கேட்ட கேள்வி

சேர் காலமான செய்தி ஐப்பசிக் கடைசியில் எங்கள் வட்ஸ்அப் குழுவில் வந்தது. ஊரில் முதல் மழை விழுகிற நேரம். அவருடைய நினைவு மலருக்கு எழுத வேறெதுவும் மனதில் வரவில்லை, அந்த வெள்ளைப் பூவைத் தவிர.

பள்ளிக்கூட மைதானத்துக்குப் பின்னால் கடல்வரை கிடந்த மணல்வெளி உங்களுக்குத் தெரியும். மழை விழுந்து சில நாளில் புல்லுக்குள்ளிருந்து தண்டுக்கு ஒன்றாகப் பூ நிமிரும். அடியில் வெங்காயம் போலக் குமிழ். ஊரில் யாரும் அதைப் பெயர் சொல்லி நான் கேட்டதில்லை. பங்கிரேசியம் சைலானிக்கம் என்று சேர்தான் சொல்லித் தந்தார். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர்; சைலானிக்கம் என்றால் சிலோனுக்குரியது. "எங்கட தீவின்ர பெயரையே வைச்சிருக்கிறார், எங்களுக்குத்தான் தெரியேல்லை" என்று மனம் நொந்து சொல்வார்.

ஏ.எல். செய்முறை வகுப்பில் அந்தப் பூவை வெட்டிப் படம் கீறச் சொன்னார். நான் மேசையில் இருந்ததைப் பார்க்காமல், புத்தகத்தில் மனப்பாடமாக்கிய டாஃபடில் என்ற வேறு பூவைக் கீறிவிட்டேன்: நடுவில் கிண்ணம், அதற்குள் தனித்தனியாக ஆறு கேசரங்கள், அதாவது மகரந்தப் பை தாங்கும் இழைகள். சேர் கொப்பியை உயர்த்தி எல்லோருக்கும் காட்டினார்.

"தம்பி, இந்தப் பூவை நீ எங்கை பார்த்தனீ?"

மணி அடிக்கும்வரை பூவைக் கையில் பிடித்தபடி நின்றேன். கண்ணீரை அடக்க முடியவில்லை.

பின்னேரம் அவரே என்னை மணல்வெளிக்குக் கூட்டிப்போனார். வேட்டியை மடித்துக்கொண்டு முழங்காலில் இருந்து, ஒரு பூவின் கிண்ணத்தை விரலால் தொட்டுக் காட்டினார். கேசரங்களின் இழைகளே அகன்று, ஒன்றோடொன்று ஒட்டி, அந்தக் கிண்ணமாகியிருந்தன. அதனால்தான் மகரந்தப் பைகள் அதன் விளிம்பில் நின்றன. இருட்ட இருட்ட வாசம் கூடியது. "கையைக் கழுவிப்போட்டுச் சாப்பிடு, குமிழிலை நஞ்சிருக்கு" என்றார். எதையும் குனிந்து பார்க்கிற பழக்கம் அன்று அவர் தந்தது.

லண்டனில் எனது முதல் மார்ச் மாதம். பூங்கா முழுக்க டாஃபடில். அதுவும் எங்கள் வெள்ளைப் பூவின் அதே அமரில்லிடேசியே தாவரக் குடும்பம்தான். ஈரப்புல்லில் முழங்காலில் இருந்து உள்ளே பார்த்தேன். ஆறு கேசரங்களும் கிண்ணத்தோடு ஒட்டாமல் தனித்தனியாக நின்றன. நான் கீறிய படம்! சேரின் கேள்விக்கு அன்றுதான் பதில் கிடைத்தது.

அவருக்கு எழுதவென்று அன்றே ஒரு ஏரோகிராம் வாங்கினேன். அப்புறம் வேலை, வாடகை, பிள்ளைகள். அந்த நீலத் தாள் இன்னும் என் லாச்சியில் கிடக்கிறது. விலாசம் மட்டும் எழுதியிருக்கிறேன்.