ஹண்டர் காக்பிட்டும் கைக்கு வராத ஒரு தாளும்

ஹாக்கர் ஹண்டர் என்ற பழைய போர் விமானம் ஒன்றின் மூக்குப் பகுதி, காக்பிட்டோடு, இப்போது என் ஷெட்டுக்குள் இருக்கிறது. விற்பவரைப் பிடித்தது, விலை பேசியது, ஷெட் கதவை அகலப்படுத்தியது எல்லாம் சுலபமாகவே முடிந்தன. அலைக்கழித்தது ஒரே ஒரு தாள், சீட்டில் வெடிமருந்து இல்லை என்ற சான்றிதழ். போர் விமான காக்பிட் வாங்கும் எண்ணம் இருந்தால் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

ஆபத்தில் விமானியைத் தன்னோடு வெளியே தூக்கி எறியும் எஜெக்ஷன் சீட்டை வெறும் இருக்கை என்று நினைக்கவே கூடாது. அதில் இருக்கும் வெடிமருந்து ஒரே இடத்தில் இல்லை. சீட்டை மேலே தள்ளும் பிரதான கன்னில் கார்ட்ரிட்ஜ்கள், அதாவது வெடிமருந்து அடைத்த குப்பிகள், உண்டு. சீட் வெளியேறியதும் சின்ன பாராசூட்டை இழுத்துவிடும் ட்ரோக் கன்னுக்குத் தனியாக ஒன்று. காக்பிட்டின் கண்ணாடி போன்ற மேல்மூடியான கேனோபியை வீசி எறியவும் பல விமானங்களில் தனி ஏற்பாடு. ஹாக், ஹாரியர் மாதிரி விமானங்களில் கேனோபியின் அக்ரிலிக்கிலேயே வளைந்து வளைந்து ஒரு கோடு ஓடும். அது அலங்காரம் இல்லை, வெடிக்கும் கயிறு. இவை ஒவ்வொன்றும் காலி என்று ஒவ்வொன்றாக எழுதிய சான்றிதழ் வேண்டும்.

எனக்குக் கொடுத்த தாளில் பிரதான கன் காலி என்று மட்டும்தான் இருந்தது. காக்பிட்டை விற்ற யார்டின் அலுவலகத்தில் இருந்தவரிடம் ட்ரோக் கன்னைப் பற்றி முன்னாலேயே கேட்டேன். "இத்தனை வருஷமா சும்மா கிடக்குது, இனிமே என்ன சார் வெடிக்கப் போகுது" என்றார். அதே பதிலைத்தான் போனிலும் சொன்னார். பழைய வெடிமருந்து வயதாக வயதாகச் சாதுவாகிவிடாது. எப்போது எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாத நிலைக்குத்தான் போகும். விமானங்களைப் பிரித்து விற்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இப்படிப் பேசியதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ஏற்றும் நாள் வந்தது. கிரேன் வந்து நிற்கிறது, டிரெய்லரும் தயார். டிரைவர் இதற்கு முன்னால் இந்த மாதிரி சரக்கு ஏற்றியவர். பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே தாளை வாங்கிப் படித்தார். "மேலே இருக்கிற ட்ரோக் கன்னைப் பத்தி ஒண்ணுமே இல்லையே சார்" என்றார். அவ்வளவுதான், பெல்ட்டைச் சுருட்டி உள்ளே போட்டுவிட்டார். காலி டிரெய்லர் திரும்பிப் போனது, கிரேனுக்கு வாடகை முழுசாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த டிரைவர் மீது எனக்குக் கோபமே இல்லை. அந்த யார்டில் பொறுப்பாக நடந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான்.

அலுவலகத்தில் திரும்பக் கேட்டால், கையெழுத்துப் போட்டவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். வேண்டுமானால் சீட்டைக் கழற்றிவிட்டு மீதியைத் தருகிறோம் என்றார்கள். சீட் இல்லாத காக்பிட் எனக்கு எதற்கு? மறுத்துவிட்டேன்.

கடைசியில் உதவியது ஒரு விமான அருங்காட்சியகத்தின் தன்னார்வலர்கள். விமானப்படையில் ஆயுதப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரை அனுப்பிவைத்தார்கள். வந்தவர் முதலில் செய்தது, என்னைத் தள்ளி நிற்கச் சொன்னதுதான். தலைக்கு மேலே இருக்கும் மஞ்சள் கறுப்புக் கோடு போட்ட கைப்பிடியில் பாதுகாப்பு பின் இருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் ட்ரோக் கன்னைக் கழற்றிப் பின்பக்கத்தைத் திறந்து டார்ச் அடித்தார். கார்ட்ரிட்ஜ் இருக்க வேண்டிய இடம் காலி, ஓரத்தில் கொஞ்சம் துரு. அதை எனக்கும் காட்டிய பிறகுதான் எழுத உட்கார்ந்தார். சீட்டின் வரிசை எண், ஒவ்வொரு பாகத்தின் பெயர், காலி என்ற குறிப்பு, தேதி, கையெழுத்து. அவர் எழுதியதை அப்படியே லெட்டர்ஹெட்டில் தட்டச்சு செய்து முத்திரை போடும்படி யார்டு அலுவலகத்தில் உட்கார்ந்தே வாங்கினேன். அடுத்த முறை டிரைவர் அதைப் படித்துவிட்டுத் தலையாட்டியபோது வந்த நிம்மதி பெரிது.

இறக்கியதில் பிரச்சினையே இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு பார்க்க வேண்டியது டயல்களை. ஹண்டர் முதன்முதலில் பறந்தது 1951-இல். அந்தக் காலத்துக் கருவிகளில் முள்ளும் எண்களும் இருட்டில் தெரிய, கதிர்வீச்சு வெளியிடும் ரேடியம் பெயின்ட் பூசுவது சகஜம். இப்போது மினுங்கவில்லை என்பதால் ஆபத்து போய்விட்டது என்று அர்த்தமில்லை. கெட்டுப்போனது அந்தப் பெயின்ட்டில் ரேடியத்தோடு கலந்திருக்கும், ஒளிரும் துத்தநாக சல்பைடுதான். ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1600 ஆண்டுகள் ஆகும். கதிர்வீச்சை அளக்கும் கைகர் கவுன்டர் ஒன்றை இரவல் வாங்கி ஒவ்வொரு டயலாகப் பார்த்தேன். சிலவற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் படபடவென்று அடித்தது. கண்ணாடி உடையாமல் இருக்கும்வரை அவற்றைத் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள். ரேடியத்திலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயு வரும் என்பதால், கேனோபியைத் திறந்து நன்றாகக் காற்றோட விட்டுவிட்டு உள்ளே உட்காருங்கள்.

உள்பக்கத் தகட்டில் பச்சை கலந்த மஞ்சளாக ஒரு பிரைமர் தெரிந்தால் அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். குரோமேட் கலந்ததாக இருக்கலாம், அந்தத் தூள் புற்றுநோய் வரவழைக்கக்கூடியது. கேனோபியை அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரால் துடைத்தால் அக்ரிலிக்கில் பொடிப் பொடியாக விரிசல் விழும். மிதமான சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற துணியும் போதும்.

மின்சாரம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். விளக்குகள் 28 வோல்ட் டிசியில் எரிந்துவிடும். சுழலும் கருவிகள் பலவற்றுக்கு 400 ஹெர்ட்ஸ் ஏசி வேண்டும், அதை இன்னும் தொடவில்லை.

இன்னொன்று. காக்பிட்டின் பக்கவாட்டில் சிவப்பு முக்கோணம் ஒன்று இருக்கும், எஜெக்ஷன் சீட் இருக்கிறது என்ற எச்சரிக்கை. ஷெட்டில் தீப்பிடித்தால் வருகிற தீயணைப்பு வீரர்கள் அதைப் பார்த்ததும் உள்ளே வெடிமருந்து இருப்பதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், அப்படி எடுத்துக்கொள்வதுதான் சரியும்கூட. அதனால் சான்றிதழின் நகல் ஒன்றைத் தீயணைப்பு நிலையத்தில் கொடுத்துவிட்டேன், இன்னொன்று இன்சூரன்ஸ் ஃபைலில் இருக்கிறது. மூன்றாவதை லேமினேட் செய்து ஷெட் கதவின் வெளிப்பக்கம் மாட்டியிருக்கிறேன்.