தேனாம்பேட்டையிலிருந்து நங்கநல்லூருக்கு, 2015 டிசம்பர் 1

சென்னையில் மழைப் பேச்சு வந்தாலே, "2015 வெள்ளம் வந்த அன்னைக்கு எப்படி வீடு போய்ச் சேர்ந்தே?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். நடந்துதான். மதியத்துக்கு மேல் அலுவலகத்தில் கிளம்பச் சொல்லிவிட்டார்கள், ஆனால் எதில் போவது? மின்சார ரயில் ஓடுகிறதா இல்லையா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள், ஆட்டோ எதுவும் நிற்கவில்லை, எப்படியோ ஏறிய பேருந்தும் நந்தனம் தாண்டாமல் நின்றுவிட்டது. நானும் பல்லாவரம் போகவேண்டிய அலுவலகத் தோழியும் இறங்கி நடக்க ஆரம்பித்தோம்.

சைதாப்பேட்டையில் உள்தெரு வழியாகப் போனால் சீக்கிரம் போய்விடலாம் என்று சிலர் திரும்பினார்கள். நாங்கள் அண்ணா சாலையை விடவில்லை. சுற்றோ என்னவோ, பெரிய ரோடு மேடாக இருக்கும், நாலு பேர் கூட வருவார்கள், விழுந்தால் தூக்கிவிடவாவது ஆள் உண்டு.

சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்கிற மறைமலை அடிகள் பாலத்தில்தான் முதல்முறையாகப் பயந்தேன். அடையாறு என்றால் நமக்கெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற கறுப்புச் சாக்கடைதானே. அன்று செம்மண் நிறத்தில் கரை தெரியாமல் ஓடியது, ஆகாயத்தாமரை கொத்துக் கொத்தாக வந்து பாலத்தூணில் மோதிச் சுழன்றது, நடுவில் ஒரு மரக்கட்டில்கூடப் போனது. நின்று போட்டோ எடுத்தவர்களைப் போலீஸ்காரர் விசில் அடித்து விரட்டிக்கொண்டிருந்தார். அன்று அடையாற்றில் வந்து சேருகிற செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரை விநாடிக்கு 29,000 கனஅடி வரை திறந்துவிட்டார்கள் என்பதெல்லாம் பிறகு பேப்பரைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. பாலத்தில் நடந்த எங்களுக்கு ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்புறம் அந்தப் பாலத்துக்கு மேலேயே தண்ணீர் ஓடி, போக்குவரத்தை நிறுத்தினார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கிண்டி, கத்திப்பாரா, ஆசர்கானா எல்லாம் மெதுவாகத்தான் தாண்டினோம். தாம்பரம் பக்கம் போகிற ஜி.எஸ்.டி. ரோட்டில் நடு மீடியனை ஒட்டியே நடந்தோம்; ஓரமாகப் போனால் மழைநீர் வடிகால் எங்கே திறந்து கிடக்கிறதென்று தெரியாது. லாரி வரும்போதெல்லாம் அலை இடுப்பு வரை அடித்தது. குடை காற்றில் மடங்கி மழைக்கு உதவாமல் போனாலும், மடக்கித் தரையைத் தட்டிப் பார்த்து நடக்க நல்ல கோலாக இருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்த என் தோழியை ஒரு பூக்கார அம்மா அதட்டினார்: "கழட்டாதம்மா, அடியில கண்ணாடி ஆணி என்ன கிடக்குதோ."

ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து தண்டவாளத்துக்கு அடியில் நங்கநல்லூர் பக்கம் போகிற பழவந்தாங்கல் சுரங்கப்பாதையைப் பற்றி நங்கநல்லூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், சாதாரண மழைக்கே நிரம்பிவிடும். அதனால் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் ரயில் நிலையத்துக்குள் போய், நடைமேம்பாலம் ஏறி அந்தப்புறம் இறங்கினோம். வண்டியை ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே விட்டுவிட்டு நிறையப் பேர் அப்படித்தான் வந்தார்கள்.

தோழி அங்கிருந்து பல்லாவரம் நடக்கிறேன் என்றாள். நான் விடவில்லை.

எங்கள் பக்கம் கரண்ட் கட். அது ஒருவகையில் நிம்மதி, தெருவோர மின்சாரப் பெட்டியான பில்லர் பாக்ஸ் பாதி மூழ்கி நின்ற தெருவில் கரண்ட் இருந்திருந்தால் காலை வைத்திருக்க மாட்டேன். தண்ணீர் முழங்காலுக்கு மேல். மூடி போன பாதாளச் சாக்கடையில் பையன்கள் வேப்பங்கிளையை ஒடித்துச் செருகியிருந்தார்கள். ஒரு பெரியவர் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் டார்ச் அடித்து, "நடுவுல வாம்மா, நடுவுல வா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்தால் செல்போனில் சிக்னல் இல்லை. மாடி வீட்டு மாமியின் பழைய தரைவழி போன் மட்டும் வேலை செய்தது. அதில் பல்லாவரத்துக்குப் பேசி, "இங்கதான் இருக்கா ஆன்ட்டி, காலையில வந்துடுவா" என்றேன். காலையில் எங்கே போவது! தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் கொட்டியிருந்தது, விமான நிலையத்தையே 6ஆம் தேதி வரை மூடி வைத்திருந்தார்கள். தண்ணீர் வடிந்த பிறகுதான் என் சுடிதாரைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.