எந்தாய் என்றால் தாய் இல்லை: இடையன்குடி வரை ஒரு வாசிப்பு யாத்திரை

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை பாடிய கிறிஸ்தவக் காப்பியமான 'இரட்சணிய யாத்திரிக'த்தை வாங்கி அலமாரியில் வைத்திருக்கும் வீடுகள் நெல்லைச் சீமையில் நிறைய உண்டு. பாடி முடித்த வீடுகள் குறைவு. காரணம் எளிது. மனசுக்குள் வாசித்தால் அந்த நூல் பத்துப் பக்கத்துக்கு மேல் நகராது. வாயைத் திறந்து பாட வேண்டும். 'நற்போதகம்' மாத இதழில் 13 ஆண்டு தொடராக வந்து, 1894-ல் நூலானது. ஐந்து பருவம், 3,766 பாட்டு. பதம் பிரித்துப் பாட ஒரு பாட்டுக்கு அரை நிமிஷம் என்று வைத்தாலும் 31 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து தவக்காலத்தின் நாற்பது நாளில் முடித்துவிடலாம் என்று தொடங்கினால் நாளுக்கு 94 பாட்டு வரும். இரண்டாம் வாரத்திலேயே குடும்ப ஜெபத்தில் பிள்ளைகள் தூங்கிவிடும். நாளுக்குப் பத்து என்றால் ஒரு வருஷமும் சில நாட்களும். அதுதான் தாங்கும்.

முழு நூலையும் தொடங்குமுன் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு படலத்தோடு யாத்திரை போய் வருவது நல்ல பழக்கம். குமார பருவத்தில் வரும் இரட்சணிய சரிதப் படலம் போதும். இயேசு ஆண்டவர் பட்ட பாடுகளைச் சொல்லும் பகுதி அது. மூன்று பேர் இருந்தால் சரியாக இருக்கும். ஒருவர் பாட, ஒருவர் பதம் பிரித்துச் சொல்ல, மூன்றாமவர் வேதாகமத்தில் லூக்கா 23-ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்திருக்க வேண்டும். பழைய திருப்புதல் வேதாகமமே எடுங்கள். புது மொழிபெயர்ப்பில் சொற்கள் வேறு, பாட்டோடு ஒட்டாது.

காலையில் பாளையங்கோட்டை. முதலில் பாப்பாத்தியம்மாள் கோயில், அதாவது பிராமணக் குலத்திலிருந்து கிறிஸ்தவரான குளோரிந்தா 1785-ல் கட்டுவித்த ஆலயம். சின்னக் கட்டடம், குரல் அப்படியே நிற்கும். சுருதி பிடித்துப் பார்க்க ஏற்ற இடம். பிறகு முருகன்குறிச்சியில் ஊசிக்கோபுரம், ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்து 1826 ஆலயம். இங்கே வேதபாடத்தை மட்டும் வாசித்துவிட்டுக் கிளம்பலாம். வாகனச் சத்தத்தில் பாட்டு எடுபடாது.

வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து திசையன்விளை பஸ். இந்தப் பயண நேரம் பதம் பிரிக்கத்தான். சிலுவையில் ஆண்டவர் மன்னிப்பு வேண்டும் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அடிக்கு நான்கு சீர். இரண்டு சீருக்கு ஒரு மூச்சு. முதலடியில் 'தவிப்பெய்தி' என்பது தவிப்பு + எய்தி. இரண்டாம் அடி 'பரிந்தெந்தாய்' என்று முடியும். இங்கேதான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். 'எந்தாய்' காதில் 'என் தாய்' என்று விழுவதால், மரியாளைக் கூப்பிடுகிறார் என்று நினைத்துப் பாட்டின் பொருளையே மாற்றிவிடுவார்கள். பரிந்து + எந்தாய்; எந்தாய் என்றால் 'எம் தந்தையே' என்ற விளி. வேதத்தில் 'பிதாவே' என்று இருப்பதற்குக் கவிஞர் வைத்த சொல் அது. அடுத்து வேதத்தைப் பாருங்கள்: 'இவர்களுக்கு மன்னியும்', 'இன்னதென்று அறியாதிருக்கிறார்களே'. பாட்டிலும் 'இன்னதென அறிகில்லார்', 'மன்னியும்' என்றே வருகிறது. சபையில் கேட்டுப் பழகிய சொல்லைக் கலைக்காமல், 'எந்தாய்' ஒன்றை மட்டும் பழைய பக்திப் பாட்டுத் தமிழிலிருந்து கொண்டுவந்து பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார். கிறிஸ்தவக் கம்பர் என்ற பேர் சும்மா வரவில்லை.

இந்தப் பாட்டை முகாரி ராகத்தில் பாடலாம். சிலர் அழவைக்க வேண்டும் என்று ஒவ்வொரு சீரையும் இழுப்பார்கள். இழுத்தால் எதுகை உடைந்துபோகும். தன்னரிய, பன்னரிய, இன்னதென, மன்னியும் என்று நான்கு அடியிலும் இரண்டாம் எழுத்தாக வரும் 'ன்' காதில் விழ வேண்டும்.

திசையன்விளையில் இறங்கி இடையன்குடிக்கு ஆட்டோ. செம்மணல் தேரியும் பனையுமான பூமி. லெந்து காலம் பதநீர்க் காலத்தோடு சேர்ந்து வரும். பனையோலைப் பட்டையில் ஊற்றித் தந்தால் குடியுங்கள், ஆனால் பாடி முடித்த பிறகு. முன்னால் குடித்தால் தொண்டை கட்டிக்கொள்ளும்.

1853-ல் கிருஷ்ணபிள்ளையைச் சாயர்புரத்துக்குத் தமிழாசிரியராக எடுத்தவர் கால்டுவெல். அப்போது கிருஷ்ணபிள்ளை கிறிஸ்தவர் அல்ல, ஞானஸ்நானம் 1858-ல்தான். இடையன்குடியில் நாம் போவது அதே கால்டுவெல் கட்டிய பரிசுத்த திரித்துவ ஆலயம், 1880-ல் பிரதிஷ்டையானது. அவர் உடல் இந்த ஆலயத்துக்குள்ளேயே, பலிபீடத்தின் கீழே இருக்கிறது. வார நாளில் கதவு பூட்டியிருக்கலாம். சேகரத்து ஐயரிடம், அதாவது சபைப் போதகரிடம், முன்பே சொல்லி வைப்பது நல்லது. செருப்பை வாசலிலேயே விட்டுவிடுங்கள்.

உள்ளே போனதும் பாட வேண்டாம். முதலில் லூக்கா வாசிப்பு, பிறகு கொஞ்சம் மௌனம், அதன்பின் பாட்டு. பெரிய ஆலயம்; கடைசிச் சீர் சுவரில் பட்டுத் திரும்பி வரும். அது அடங்குமுன் அடுத்த அடியை எடுத்தால் இரண்டு அடியும் ஒன்றில் ஒன்று மோதி ஒன்றுமே புரியாது. ஒரு மூச்சு காத்திருந்து பாடுங்கள். 'எந்தாய்' வரும்போது குரலை ஏற்றாமல், பக்கத்தில் நிற்கிறவரைக் கூப்பிடுகிற அளவுக்கே வையுங்கள்.