டெல்லி வரைக்கும் போன நம்ம சௌந்தரம்மா

சங்க மலருக்கு எழுதிக் குடுங்கன்னு கேட்டதும் எனக்கு மொதல்ல ஞாபகம் வந்தது டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன் தானுங்க, ஏன்னா நம்ம ஸ்கூல்ல பாதி டீச்சர்ங்க காந்திகிராமத்துல ட்ரெயினிங் முடிச்சவங்க, எந்தப் பாடம் நடத்துனாலும் நடுவுல அவங்க பேச்சு வந்துரும்.

டி.வி.எஸ் பஸ் கம்பெனி சுந்தரம் அய்யங்கார் பொண்ணு. சின்ன வயசுலயே புருசன பறிகுடுத்துட்டு டெல்லி போயி டாக்டருக்குப் படிச்சாங்க, 1940ல காந்தி முன்னால காந்தியவாதி ஜி.ராமச்சந்திரன மறுமணம் பண்ணிக்கிட்டாங்க, 1947ல ரெண்டு பேருமா சின்னாளபட்டி பக்கம் காந்திகிராமம்ங்கற கிராம சேவை நிறுவனத்த ஆரம்பிச்சாங்க. இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். ஆனா அவங்க அரசியல யாருமே பேசறதில்ல, எனக்கு அதுதான் ஆதங்கம்.

காங்கிரஸ்ல நின்னு 1952ல ஆத்தூர்ல ஜெயிச்சு எம்எல்ஏ, 1957ல நம்ம வேடசந்தூர். அப்பெல்லாம் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி, மேல சின்னம் ஒட்டியிருக்குமுங்க, காங்கிரஸுக்கு ரெட்டைக்காளை. எங்க அமுச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ரெட்டைக்காளை ஒட்டுன பெட்டியத் தடவிப் பாத்து சீட்ட உள்ள போட்டுட்டு வந்தேன் கண்ணு, பொம்பளப் புள்ளைக படிக்கோணும்னு சொல்ற அம்மால்லன்னு எங்கிட்ட எத்தனையோ தடவ சொல்லியிருக்காங்க. எங்கம்மாள அஞ்சாவதோட நிறுத்தாம படிக்க வெச்சதும் அதே அமுச்சிதான்.

1962ல திண்டுக்கல் எம்பி ஆகி மத்திய கல்வித் துணை அமைச்சர் ஆனாங்க, அதே வருசம் பத்மபூஷணும் வந்துச்சு. கல்வி அப்ப மாநிலங்க கையில இருந்த விசயம், டெல்லில ஆர்டர் போட்டா நடந்துராது, ஒவ்வொரு மாநிலத்தையும் பேசிப் பேசித்தான் இழுத்துட்டுப் போகணும், அப்படி இருந்தும் எல்லாப் புள்ளைகளுக்கும் இலவச கட்டாய ஆரம்பக் கல்விங்கறதுக்கு நின்னு வேலை பாத்தாங்க. நாட்டோட கல்வி முறைய ஆராயறதுக்கு கோத்தாரி கமிஷன் போட்டதும் அவங்க அந்தப் பதவியில இருந்த காலத்துலதான். கிராமத்துல பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடத்துன கை அங்க போயி உக்காந்தது பெரிய விசயமுங்க, என்னக் கேட்டா அந்த மாதிரி ஆளுங்கதான் அமைச்சராகணும்.

1967ல திமுக அலையில தோத்துட்டாங்க. அதுக்கப்பறம் காந்திகிராமத்து வேலையே கதின்னு இருந்து, 1976ல கிராமிய நிறுவனம் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனதையும் பாத்துட்டு 1984ல காலமானாங்க. நம்ம சங்கத்துல வருசா வருசம் குடுக்கற பொண்ணுங்க ஸ்காலர்ஷிப்புக்கு அவங்க பேர வெச்சா என்னங்க? அடுத்த மீட்டிங்ல நானே எந்திரிச்சு கேக்கப் போறேன், கூட ரெண்டு பேரு பேசுனீங்கன்னா நல்லாருக்கும்.