29சி புரோகிராம் சி++20-க்கு மாறியது

பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி பஸ் எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வந்தது என்று அப்பா ஒரு நோட்டில் குறித்து வைப்பார். அந்த நோட்டை டைப் செய்து, நிறுத்தத்தின் பெயரை அடித்தால் நேரம் காட்டுகிற மாதிரி சி++ என்ற மொழியில் ஒரு புரோகிராம் எழுதி வருகிறேன்.

போன வாரம் “அடை” என்று அடித்தாலே அடையாறு வந்து நிற்க வேண்டும் என்று தோன்றியது. எழுத்துத் தொடரை வைக்கும் ஸ்ட்ரிங்கில், அது இன்ன எழுத்துகளில் தொடங்குகிறதா என்று பார்க்கவென்றே ‘ஸ்டார்ட்ஸ் வித்’ இருக்கிறது. எழுதினேன், அப்படி ஒரு மெம்பரே இல்லை என்றது கம்பைலர் (எழுதியதை ஓடும் புரோகிராமாக மாற்றுவது). ‘ஸ்டார்ட்ஸ் வித்’ சி++20-இல், அதாவது மொழியின் 2020 ஸ்டாண்டர்டில் வந்தது. என் உபுண்டு 22.04 லினக்ஸில் இருக்கும் ஜிசிசி 11 என்ற கம்பைலர், நாம் எதுவும் சொல்லாவிட்டால் சி++17 என்றே எடுத்துக்கொள்ளும்.

புரோகிராமை எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்லும் சிமேக் ஃபைலின் கடைசியில் ஸ்டாண்டர்டு 20 என்று ஒரு வரி சேர்த்தேன். அதே எரர். அரை மணி நேரம் கழித்துத்தான் பிடிபட்டது: எக்ஸிக்யூட்டபிளை (கட்டப்படும் புரோகிராமை, சிமேக் பாஷையில் டார்கெட்டை) அறிவிக்கும் வரிக்கு மேலே அது இருக்க வேண்டும், கீழே எழுதினால் அந்த டார்கெட்டுக்குப் போய்ச் சேராது. மேலே ஏற்றினேன். கூடவே ‘ரிக்வயர்டு’ வரியையும் ஆன் செய்தேன். அது இல்லாவிட்டால், கம்பைலருக்கு 20 தெரியாதபோது சிமேக் சத்தமில்லாமல் பழைய ஸ்டாண்டர்டுக்கு இறங்கிவிடும். எந்த ஸ்டாண்டர்டு என்று சொல்லும் ‘சிபிளஸ்பிளஸ்’ மேக்ரோவை அச்சிட்டுப் பார்த்தேன். முன்பு 201703 என்று வந்தது, இப்போது 202002. மனசு நிறைந்தது.

ஆனால் அதுவரை ஒழுங்காக ஓடிய வரிகள் இப்போது வரிசையாக விழுந்தன. எல்லாமே தமிழ்ப் பெயர்கள் உள்ள வரிகள். மேற்கோள் குறிக்கு முன்னால் யு8 போட்டு எழுதியிருந்தேன்; எழுத்துகளை யுடிஎஃப்-8 முறையில் பைட்டுகளாக வை என்று சொல்லும் குறி அது. சி++17 வரை அது சாதாரண ‘சார்’ எழுத்துகளாகவே இருந்தது. சி++20-இல் ‘சார்8_டி’ என்ற தனி டைப் ஆகிவிட்டது, அதை ஸ்ட்ரிங்குக்குள் நேராகப் போட முடியாது. பழையபடி நடக்க வைக்க ஜிசிசியில் ஒரு ஃபிளாக் உண்டு. புதிய ஸ்டாண்டர்டுக்கு வந்துவிட்டு அதில் பாதியை அணைத்து வைக்க எனக்கு இஷ்டமில்லை. யு8-ஐ எல்லா இடத்திலும் எடுத்துவிட்டேன். ஜிசிசி எப்படியும் யுடிஎஃப்-8 ஆகத்தான் படிக்கும், எழுதும். (விஷுவல் ஸ்டுடியோவில் அதற்கான யுடிஎஃப்-8 ஸ்விட்சைப் போட வேண்டும்.)

எதுவும் கெடவில்லை என்று உறுதி செய்ய ஒரு ஸ்டாட்டிக் அசர்ட் (கம்பைல் ஆகும்போதே நடக்கும் சரிபார்ப்பு) வைத்தேன். அடையாறு நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் அ, ட, ஐகாரக் குறி, ய, துணைக்கால், ற, உகரக் குறி என்று ஏழு. ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 21. முடிவில் வரும் பூஜ்யத்தோடு 22. கம்பைல் ஆனது.

அப்புறம் நேரத்தை 06:05 என்று அழகாக அச்சிட ‘ஃபார்மட்’ ஹெடரைச் சேர்த்தேன். அப்படி ஒரு ஃபைலே இல்லையாம். ஸ்டாண்டர்டு 20 என்ற வரி மொழியின் கதவைத் திறக்கும். கம்பைலரோடு வரும் லைப்ரரியில் எழுதப்படாததை அது கொண்டுவராது. ஜிசிசியில் ஃபார்மட் வந்தது 13-இல்தான். உபுண்டு 24.04-இல் அதுவே இருப்பதால் சனிக்கிழமை அதற்கு மாறி, பழைய பில்ட் ஃபோல்டரை அழித்துவிட்டு முதலிலிருந்து கட்டினேன். ஒரு எரர் இல்லை.

நேற்று ராத்திரி அப்பாவே “அடை” என்று அடித்துப் பார்த்தார். அடுத்து மயிலாப்பூர் பக்கங்களை டைப் செய்ய வேண்டும்.