டேப்லெட்டைத் திருப்பியதும் காணாமல் போகும் லோடிங் வட்டம்

ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டுக்காக வேறொருவர் எழுதிய ஆண்ட்ராய்டு ஆப்பைச் சரிசெய்யும் வேலை சேலத்தில் இருக்கும் எனக்கு வந்தது. பறித்த பழத்தை எடைபோட்டு, ஆள்வாரியாகக் கணக்கை சர்வருக்கு அனுப்பும் ஆப். அனுப்பும்போது ஒரு வட்டம் சுற்றும். அந்த நேரத்தில் டேப்லெட்டைத் திருப்பினால் வட்டம் மறைந்துவிடும். சில சமயம் ஆப்பே மூடிக்கொள்ளும். போகவில்லை போல என்று மேஸ்திரி மறுபடி அழுத்துவார், ஒரே எடை இரண்டு தடவை பதிவாகும். எடையை வைத்துத்தான் கூலி என்பதால், எனக்கு இது சின்னக் கோளாறாகவே படவில்லை.

சேலத்தில் வைஃபையில் கணக்கு நொடியில் போய்விடும், திருப்பிப் பார்க்க நேரமே கிடைக்காது. எமுலேட்டரில் (கணினியில் ஓடும் போலி ஆண்ட்ராய்டு கருவி) நெட்வொர்க்கை எட்ஜ் என்ற பழைய மெதுவான மொபைல் இணைய வேகத்துக்கு இறக்கியதும் கோளாறு வெளியே வந்தது.

காரணம் பழையதுதான். திரையைத் திருப்பினால் ஆண்ட்ராய்டு அந்த ஆக்டிவிட்டியை, அதாவது ஆப்பின் அந்தத் திரையை இயக்கும் பகுதியை, அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்கும். இந்த ஆப்பில் வட்டம் பிராகிரஸ் டயலாக் (திரைமேல் எழும் சிறு ஜன்னல்), அனுப்பும் வேலை ஏசிங்க்டாஸ்க் (பின்னணியில் வேலை செய்ய ஆண்ட்ராய்டு தந்த பழைய வழி). இரண்டும் பழைய ஆக்டிவிட்டியையே பிடித்துக்கொண்டிருந்தன. வேலை முடிந்து, இல்லாத ஜன்னலை மூடப் போகும்போது கிராஷ். முதலாவதை ஆண்ட்ராய்டு 8-லும் இரண்டாவதை 11-லும் கூகுளே கைவிடச் சொல்லிவிட்டது.

திரையை ஒரே பக்கமாகப் பூட்டிவிடலாமே என்று சிலர் சொன்னார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. தராசுப் பக்கத்தில் டேப்லெட் படுக்கையாக இருக்கும், செடிகளுக்கு நடுவே நடக்கும்போது கையில் நிமிர்ந்து இருக்கும். எஸ்டேட்டில் இரண்டுமே வேண்டும். அதோடு, ஆண்ட்ராய்டு 16-ஐக் குறிவைக்கும் ஆப்களில் குறுகிய பக்கம் 600 டிபி (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு) அல்லது அதற்கு மேல் உள்ள திரைகள் இந்தப் பூட்டை மதிப்பதில்லை. ஆப்பின் அமைப்புக் கோப்பான மேனிஃபெஸ்ட்டில், திருப்பினால் ஆக்டிவிட்டியை அழிக்காதே என்று சொல்லும் கான்ஃபிக்சேஞ்சஸ் போடுவதும் ஒட்டுவேலைதான்: திருப்பலைச் சமாளிக்கும், மொழி மாறினால் அதே கதை.

சரி, வேலையைத் திரையிடமிருந்து பிரித்தேன். அனுப்புவது, பின்னணி வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் வொர்க்மேனேஜரிடம் போனது, ஒரே பெயரில் ஒரு வேலைதான் ஓடும்படி. அதன் நிலையை, திரைக்கான தகவலை வைத்திருக்கும் வியூமாடல் கவனிக்கிறது. திருப்பினாலும் வியூமாடல் அழியாது. புதிதாக வரும் ஆக்டிவிட்டி கேட்பது ஒன்றைத்தான்: இப்போது அனுப்பிக்கொண்டிருக்கிறதா? ஆமென்றால், தனி ஜன்னலாக இல்லாமல் திரையின் லேஅவுட்டிலேயே இருக்கும் வட்டம் (பிராகிரஸ்பார்) தெரியும், பொத்தான் அணையும். எத்தனை பதிவு போயிருக்கிறது என்ற எண்ணிக்கையும் வியூமாடலிலிருந்தே வருவதால் திருப்பிய பிறகும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. ஒவ்வொரு எடைக்கும் டேப்லெட்டிலேயே ஒரு தனி அடையாள எண் கொடுத்தேன். அதே எண் இரண்டாம் தடவை வந்தால் சர்வர் சேர்க்காது. வட்டத்தை மட்டும் சரிசெய்துவிட்டு இதை விட்டால் கூலிக் கணக்குக்குப் பாதுகாப்பு கிடையாது.

அப்புறம் புதுத் தொல்லை ஒன்று முளைத்தது. அனுப்பி முடிந்த பிறகு ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் 'அனுப்பியாச்சு' என்ற செய்தி திரும்பத் திரும்ப வந்தது. முடிந்தது என்ற நிலை வியூமாடலில் அப்படியே இருந்ததுதான் காரணம். ஒருமுறை காட்டியதும் அதைப் பார்த்ததாகக் குறித்து, நிலையைப் பழையபடி மாற்றினேன். அதோடு அதுவும் நின்றது.