தொடுவதற்கு முன் பேச வேண்டியவை

மசாஜ் சிகிச்சையைத் தனித்து நடத்தும் ஆணுக்குக் கைத்திறனைவிட முதலில் தேவைப்படுவது வருபவரின் நம்பிக்கை. ஒரு நிலையத்தில் வேலை பார்த்தபோது, சிகிச்சையாளர் ஆண் என்றதும் பின்வாங்கியவர்களை வரவேற்பறையில் இருந்தவரே பேசிச் சமாளித்துவிடுவார். சொந்தமாகத் தொடங்கிய பிறகு அந்தத் தயக்கம் தொலைபேசி வழியே நேராக என் காதுக்கு வந்தது. மூடிய அறையில் அறிமுகமில்லாத ஆணிடம் முதுகைக் காட்டிப் படுக்கப் பெண்கள் யோசிப்பது நியாயமே. ஆண்களும் ஏறக்குறைய அதே அளவுக்குத் தயங்குகிறார்கள் என்பதுதான் எனக்குப் புதிதாக இருந்தது.

ஆகவே எதையும் ஊகத்துக்கு விடாமல், முதல் சந்திப்பிலேயே உட்காரவைத்து எல்லாவற்றையும் பேசிவிடுவேன். எங்கே வலி, என்ன மருந்து, அண்மையில் அறுவை சிகிச்சை உண்டா, கொட்டை வகைகள் ஒத்துக்கொள்ளுமா (பாதாம் எண்ணெயைத் தவிர்க்க வேண்டியிருக்கும்) எனக் கேட்டு எழுதிக்கொள்வேன். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு அழுத்தத்தைக் குறைத்தாக வேண்டும். ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி, சூடாகி, வலிக்கிறது என்றால் கையே வைப்பதில்லை. உள்ளே ஆழமான சிரையில் ரத்தம் உறைந்திருந்து, அழுத்தும்போது அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்துவிடலாம் என்பதால், உடனே மருத்துவரைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிடுவேன். பிறகு, எந்தப் பகுதிகளில் வேலை செய்வேன், எவற்றைத் தொடவே மாட்டேன், எந்த உடையைக் களைவது என்பது அவர் விருப்பம், எந்த நொடியிலும் நிறுத்தச் சொல்லலாம் என்று விளக்கிவிட்டு, வெளியே போய்க் காத்திருந்து, கதவைத் தட்டிக் கேட்டுத்தான் உள்ளே வருவேன்.

போர்வையைக் கையாளும் விதத்திலேயே பாதிப் பேரின் தோள்கள் தளர்ந்துவிடுகின்றன. வேலை நடக்கும் காலை மட்டும் வெளியே எடுத்து, துணியின் ஓரத்தை மறு தொடைக்கு அடியில் இறுகச் செருகிவிட்டால், அது நழுவுமோ என்ற கவலை படுத்திருப்பவருக்கு இராது. வேறு எதையோ எதிர்பார்த்து அழைப்பவர்களும் உண்டு. சுற்றி வளைத்துக் கேட்கும் கேள்வியிலேயே அது தெரிந்துவிடும். அவர்களிடம் விவாதித்துப் பயனில்லை, அழைப்பைத் துண்டிப்பதே மேல்.

ஆண் என்றால் பலமாக அழுத்துவான் என்பது இன்னொரு எதிர்பார்ப்பு. வலியைப் பொறுத்துக்கொண்டு மூச்சைப் பிடித்துக் கிடப்பவரின் தசை கைக்கு எதிராக இறுகும்; அதன்மேல் எவ்வளவு அழுத்தினாலும் பயன் குறைவு. வருடல், பிசைதல், தட்டல் என்று இன்று நாங்கள் கையாளும் முறைகளை வகைப்படுத்தியவராக டச்சு மருத்துவர் யோஹான் கியோர்க் மெட்ஸ்கரைக் (1838–1909) குறிப்பிடுவார்கள். அவற்றுள் முதலாவதான வருடலைப் பொறுமையாகச் செய்தாலே பலருக்குக் கழுத்து இளகத் தொடங்கிவிடும். தேங்கிய லாக்டிக் அமிலத்தை வெளியேற்றித் தருமாறு கேட்பவர்களிடம், உடற்பயிற்சிக்குப் பின் அது தானாகவே விரைவில் குறைந்துவிடுகிறது, மறுநாள் வலிக்குக் காரணம் அதுவன்று என்று சொல்லிவிடுகிறேன். இதனால் ஓரிருவர் ஏமாற்றமடைவதும் உண்டுதான்.

இந்தத் தொழிலில் முதலில் தேய்வது கட்டைவிரலின் அடிமூட்டு. ஆழமான அழுத்தத்துக்கு முன்கையையும் முழங்கையையும் பயன்படுத்தி, மேசையைச் சற்றுத் தாழ்த்தி, உடல் எடையைச் சாய்த்து வேலை செய்யப் பழகாதவர்கள் நெடுநாள் நீடிப்பது கடினம்.

தனித்து இயங்குபவனுக்கு உதவியாளர் கிடையாது. ஒருவர் போன பின் விரிப்பை மாற்றி, மேசையைத் துடைத்து, குறிப்பெழுத வேண்டும். எண்ணெய் ஊறிய துண்டுகள் சரியாகத் துவைக்கப்படாமல் உலர்த்தியில் சூடேறி, அப்படியே குவித்து வைக்கப்பட்டால் தானாகவே தீப்பற்றக்கூடும் என்பதால், அவற்றை ஆறவிட்டுத்தான் மடிக்க முடியும். கட்டணத்தை நிர்ணயிக்கும்போது இந்த நேரத்தையும் சேர்த்தே கணக்கிடுகிறேன். கடைசி நிமிடத்தில் ரத்து செய்பவர்களிடம் பாதித் தொகை வாங்குவதும் அதே கணக்கில்தான்.